இலாகா இல்லாத மந்திரி: லார்டு பிரிவி சீல் பதவியின் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம்.

1942 மார்ச் மாதம் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் டெல்லியில் வந்து இறங்கியதைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். போர் முடிந்ததும் இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து, சேர விரும்பாத மாகாணங்கள் விலகி நிற்கலாம் என்ற திட்டத்தோடு வந்தார். காங்கிரசும் ஏற்கவில்லை, முஸ்லிம் லீகும் ஏற்கவில்லை. ஏப்ரல் மாதம் வெறுங்கையோடு திரும்பிப் போனார். ஆனால் அவர் எந்தப் பதவியில் இருந்துகொண்டு வந்தார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்தியா மந்திரி அப்போது லியோ அமெரி. அவர் லண்டனை விட்டு அசையவில்லை. வந்தவர் வகித்த பதவியின் பெயர் லார்டு பிரிவி சீல். அதற்கு இலாகா இல்லை. தனக்கென்று நிர்வாகம் செய்ய ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் நாற்பது கோடி மக்களின் எதிர்காலம் பற்றிப் பேச அனுப்பப்பட்டார். இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் எழுநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்து அரசருக்கு முதலில் ஒரே முத்திரைதான், பெரிய முத்திரை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் தனித்தனி அச்சு. இடையில் மெழுகை வைத்து அழுத்தி, ஆவணத்தின் அடியில் தொங்கவிடுவார்கள். அது அரசரின் ஆவணங்களை எழுதும் அலுவலகத்துக்குத் தலைவரான சான்சலர் கையில் இருந்தது. அரசர் ஊர் ஊராகக் குதிரையில் போய்க்கொண்டிருப்பார். சான்சலரின் அலுவலகமோ வளர்ந்து பெருத்து, வெஸ்ட்மின்ஸ்டரில் ஓரிடமாக உட்கார்ந்துவிட்டது. அரசருக்கு அவசரமாக ஒரு கட்டளை போட வேண்டுமென்றால் என்ன செய்வது? 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜான் அரசரின் காலத்தில் கூடவே எடுத்துப் போகக்கூடிய சின்ன முத்திரை ஒன்று புழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் மட்டும் பதியும், சிவப்பு மெழுகு. அதுதான் பிரிவி சீல், அரசரின் சொந்த முத்திரை.

அதை இடும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கட்டளையைத் தோலில் எழுதியதும், அதன் அடி ஓரத்தில் மெல்லிய நாடா போல ஒரு கீற்றை முழுதும் அறுத்துவிடாமல் கத்தரிப்பார்கள். கடிதத்தை ஒடுக்கமாக மடித்து, அந்தக் கீற்றையே சுற்றிக் கட்டி, முடிச்சின் மேல் மெழுகை வைத்து முத்திரையை அழுத்துவார்கள். பெறுபவர் பிரிக்கும்போது மெழுகு உடைந்தே தீரும். யாராவது வழியில் பிரித்துப் படித்தால் தெரிந்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால்தான் இந்த முத்திரையின் முழுப் பதிவுகள் அரிதாகவே மிஞ்சியிருக்கின்றன; பல கடிதங்களில் சிவப்புக் கறை மட்டும்தான் எஞ்சியிருக்கிறது.

சின்ன முத்திரை வசதியானது. அந்த வசதியே வம்பாகவும் ஆனது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கை நிறுத்தச் சொல்லி அரசர் சின்ன முத்திரையில் ஒரு வரி எழுதி அனுப்பினால் நீதிபதி என்ன செய்வார்? பொதுச் சட்டத்தைத் தொடும் ஆணை எதுவும் இனி சின்ன முத்திரையில் போகக் கூடாது என்று 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டிடமே பிரபுக்கள் எழுதி வாங்கினார்கள். 1311இல் அவர் மகன் இரண்டாம் எட்வர்டை நெருக்கி, இந்த முத்திரைக்குத் தனியாக ஒரு காப்பாளர் வேண்டும் என்றார்கள். அதுவரை அது அரண்மனைக் கணக்குப் பிள்ளைகளின் பொறுப்பில் கிடந்தது. 1312இல் ரோஜர் நார்த்பர்க் காப்பாளரானார். இந்தக் காப்பாளர் பதவிதான் பின்னாளில் லார்டு பிரிவி சீல் என்று ஆனது. இரண்டே ஆண்டில், 1314 ஜூனில், பானக்பர்ன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலப் படையைச் சிதறடித்தபோது நார்த்பர்க்கும் முத்திரையும் ஒன்றாகப் பிடிபட்டார்கள். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் முத்திரையைத் திருப்பி அனுப்பிவைத்தார். எதிரி அரசனின் கையில் நம் கட்டளையின் அடையாளம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போர்க்களத்துக்குக் கொண்டுபோகும் முத்திரைக்கு அந்த ஆபத்து எப்போதும் இருந்தது.

பெரிய முத்திரைக்கு நடந்ததே பிறகு சின்ன முத்திரைக்கும் நடந்தது. வேலை பெருகியது, எழுத்தர்கள் பெருகினார்கள், பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் இந்த அலுவலகமும் வெஸ்ட்மின்ஸ்டரில் நிலைத்துவிட்டது. அரசருக்கு மறுபடி கையோடு ஒரு முத்திரை தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் மூன்றாவது முத்திரையான சிக்னெட். அது அரசரின் செயலாளரிடம் இருந்தது.

இந்த அலுவலகத்தின் அன்றாடம் நமக்குத் தெரிய வருவது தாமஸ் ஹாக்லீவ் என்ற எழுத்தரால். 1387 வாக்கில் வேலைக்குச் சேர்ந்து, சாகும் ஆண்டான 1426 வரைக்கும் அங்கேயே இருந்தவர். கவிஞரும்கூட. எழுதுவது சுலபமான வேலை என்று ஊர் நினைக்கிறது. மனம், கண், கை மூன்றும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனோடு பேசவும் முடியாது பாடவும் முடியாது, குனிந்தே இருந்து வயிறும் முதுகும் கண்ணும் போயின என்று எழுதியிருக்கிறார். 1399இல் நான்காம் ஹென்றி அவருக்கு ஆண்டுக்கு 10 பவுன் மானியம் விதித்தார். அது ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்ந்ததில்லை. மனுதாரர்கள் தரும் கட்டணத்தை நம்பித்தான் எழுத்தர்களின் அடுப்பு எரிந்தது. அதிலும் இடைத்தரகு உண்டு. ஒரு பிரபுவின் ஆள் மனுதாரரிடம் பணத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, “வேலையை முடித்துக் கொடு, என் பிரபு உன்னைக் கவனித்துக்கொள்வார்” என்று எழுத்தரிடம் சொல்வான். பிரபுவுக்கு அந்த விஷயமே தெரியாது. எழுத்தருக்குக் காசும் இல்லை, நன்றியும் இல்லை. அதே ஹாக்லீவ் கடைசிக் காலத்தில், எந்த வகை ஆணைக்கு எந்த வாசகம் என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்து எழுத மாதிரித் தொகுப்பு ஒன்றையும் தயாரித்து வைத்துவிட்டுப் போனார். தன்னை நோகடித்த அலுவலகத்துக்கு அவர் செய்த இந்தக் காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டணம்தான் இந்தக் கதையின் நடு முடிச்சு. 1535இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசர் கையெழுத்திட்ட தாள் முதலில் சிக்னெட் எழுத்தரிடம் போக வேண்டும். அவர் எட்டு நாளுக்குள் அதை வைத்து லார்டு பிரிவி சீலுக்கு ஒரு தாக்கீது எழுத வேண்டும். அந்த அலுவலகம் அடுத்த எட்டு நாளுக்குள் சான்சலருக்குத் தாக்கீது எழுத வேண்டும். அதன் பிறகுதான் பெரிய முத்திரை. மூன்று இடத்தில் மூன்று பேர் பார்த்தால் மோசடி நுழையாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் ஒரு படியைத் தாண்டிப் போனாலும் அந்தப் படியின் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. சோதனை நடக்காவிட்டாலும் பரவாயில்லை, சம்பாத்தியம் நிற்கக் கூடாது. நடைமுறை செத்த பிறகும் பதவி உயிரோடு இருந்ததற்கு வித்து இங்கேதான் விழுந்தது.

சோதனைக்கும் மறு ஆண்டே பங்கம் வந்தது. 1536இல் தாமஸ் கிராம்வெல் லார்டு பிரிவி சீல் ஆனார். அவர் ஏற்கெனவே அரசரின் முதன்மைச் செயலாளர்; சிக்னெட் அவரிடம் இருந்தது. மூன்று பூட்டுப் போட்ட பெட்டிக்கு இரண்டு சாவி ஒரே ஆளின் மடியில் இருந்தால் மூன்று பூட்டு எதற்கு? 1540 ஜூலையில் அவர் தலை வெட்டப்பட்டது வேறு காரணங்களால். ஆனால் அவர் காலத்தில் கிடைத்த மரியாதை பதவியோடு தங்கிவிட்டது. 1539இல் பிரபுக்கள் சபையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று போட்ட சட்டம் சான்சலர், பொக்கிஷதாரர், பிரிவி கவுன்சில் தலைவர் ஆகியோருக்கு அடுத்த இடத்தை லார்டு பிரிவி சீலுக்குக் கொடுத்தது.

அந்த நூற்றாண்டில் பதவிக்கு உண்மையான வேலையும் இருந்தது. ஏழைகளின் வழக்கு மன்றம் என்று பெயர் பெற்ற கோர்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ் இவர் தலைமையில் நடந்தது. சம்மன் இவருடைய முத்திரையில் போகும். அரசர் பணக்காரக் குடிகளிடம் கட்டாயக் கடன் கேட்டு அனுப்பும் கடிதங்களும் இந்த முத்திரையில்தான் போயின. 1640களில் அந்த நீதிமன்றம் மறைந்தது. கட்டாயக் கடனும் நாடாளுமன்றத்தின் எதிர்ப்பில் ஒழிந்தது. மிஞ்சியது தாக்கீதை வாங்கித் தாக்கீது எழுதும் வேலை மட்டும்தான்.

அந்த வேலை எவ்வளவு பாரமாக இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பாளர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 1852க்கு முன் ஒருவர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்க வேண்டுமானால், உள்துறை அலுவலகத்தில் மனு, அட்டர்னி ஜெனரலின் அறிக்கை, மறுபடி உள்துறையில் அரச கையெழுத்து, பிறகு வரைவு, மீண்டும் கையெழுத்து, சிக்னெட், பிரிவி சீல், பெரிய முத்திரை என்று அலைய வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கட்டணம். இங்கிலாந்துக்கு மட்டும் 100 பவுன் அளவுக்கு ஆகும். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் தனித்தனியாக மறுபடி முதலிலிருந்து. ஒரே வாசகத்தைத்தான் அத்தனை பேரும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1851இல் சிக்னெட் அலுவலகம் எடுக்கப்பட்டது. மறு ஆண்டு காப்புரிமைச் சட்டம் மாறியது. 1884இல் வந்த பெரிய முத்திரைச் சட்டம், இனி எந்த ஆவணத்துக்கும் பிரிவி சீல் தேவையில்லை என்றே சொல்லிவிட்டது.

முத்திரை போனது, மந்திரி போகவில்லை. வேலை இல்லாத இந்த நாற்காலிக்கு வேறொரு பயன் இருப்பதை அரசியல்வாதிகள் அதற்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். 1766இல் பிரதமரான மூத்த பிட், நிதித்துறையின் முதல் பிரபு என்ற வழக்கமான பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு லார்டு பிரிவி சீல் பதவியை எடுத்துக்கொண்டார். சில்லறை நிர்வாகம் இல்லாமல் மேற்பார்வை மட்டும் பார்க்கலாம் என்பது கணக்கு. உடல்நலம் கெட்டு அவர் ஒதுங்கியதும் பிடி தளர்ந்துவிட்டது. 1767இல் சார்லஸ் டவுன்ஷெண்ட் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் வரி விதித்தபோது தடுத்து நிறுத்தப் பிரதமர் களத்தில் இல்லை. 1900 முதல் 1902 வரை சால்ஸ்பரி பிரபுவும் இதே பதவியில் இருந்துகொண்டு பிரதமராக இருந்தார்.

அதற்கடுத்த பத்தாண்டுகளில் இந்த நாற்காலியில் அமர்ந்தவர்களைப் பார்த்தால் நமக்கு ஊர்க்காரர்களைப் பார்ப்பது போலிருக்கும். 1905 முதல் 1908 வரை இருந்தவர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகை யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரேதான். அவருக்குப் பின் கிரூ பிரபு. இந்தியா மந்திரியாகவும் இருந்தவர். 1915இல் கர்சன். வைஸ்ராய் வேலை பார்த்து வயதானவர்களுக்கு மந்திரிசபையில் ஒரு கௌரவமான இடம் வேண்டுமென்றால், அன்றாடக் கோப்பு இல்லாத இந்தப் பதவி தோதாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இது இன்னும் கூர்மையாகப் பயன்பட்டது. ஒரு புதுப் பிரச்சினைக்கு அமைச்சகமே இல்லாதபோது, ஆளை இந்தப் பதவியில் போட்டுப் பிரச்சினையைக் கையில் கொடுப்பார்கள். எல்லா முறையும் பலித்ததில்லை. 1929இல் ஜே. எச். தாமஸிடம் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒப்படைத்தார்கள். அப்போது வேலையற்றோர் பத்து லட்சத்துக்கு மேல். ஓராண்டில் இருபது லட்சத்தை நெருங்கியது. சாலை போடும் அதிகாரம் போக்குவரத்து அமைச்சிடம், பணம் நிதியமைச்சிடம். தாமஸிடம் பொறுப்பு மட்டும்தான் இருந்தது. இலாகா இல்லாத மந்திரியின் பலவீனம் இதுதான்: மற்றவர் பெட்டியைத் திறக்கச் சொல்லலாமே தவிர, தானே திறக்க முடியாது.

பலித்ததற்குச் சான்று சர் ஜான் ஆண்டர்சன், முன்னாள் வங்காள ஆளுநர். 1938 அக்டோபரில் லார்டு பிரிவி சீல் ஆனார். கொடுத்த வேலை விமானத் தாக்குதலிலிருந்து மக்களைக் காப்பது. அவர் பெயரால் வந்த தோட்டப் பதுங்குகுழி நெளிவுத் தகட்டால் ஆனது. வளைந்த தகடுகளை உச்சியில் போல்ட் போட்டு இணைத்தால் ஆறடி உயரம், நாலரை அடி அகலம், ஆறரை அடி நீளம். ஆறு பேர் ஒடுங்கலாம். நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டி இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குலம் மண் போட வேண்டும். ஆண்டுக்கு 250 பவுனுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுன். 1939 பிப்ரவரியில் விநியோகம் தொடங்கிப் போர் மூளுவதற்குள் ஏறத்தாழ 15 லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. குறைகளும் இருந்தன: தண்ணீர் ஊறி நிற்கும், குளிர் தாங்காது, தோட்டம் இல்லாத நகரத்து வீடுகளுக்கு உபயோகமில்லை. ஆனாலும் குண்டு பக்கத்தில் விழுந்தபோது நெளிந்து கொடுத்துத் தாங்கியது.

பின்னாளில் இன்னொரு தேவைக்கும் இது பயன்பட்டது. 1960இல் வெளியுறவு மந்திரி ஹோம் பிரபு மேல்சபையில் இருந்தார்; மக்கள் சபையில் பதில் சொல்ல கேபினெட் தரத்தில் ஓர் ஆள் தேவை. எட்வர்டு ஹீத்தை லார்டு பிரிவி சீல் ஆக்கினார்கள். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரும் பேச்சுவார்த்தையை அவர்தான் நடத்தினார். 1963 ஜனவரியில் பிரான்சின் டி கோல் மறுத்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

இப்போது இந்தப் பதவி பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் ஏதாவதொரு சபையின் ஆளுங்கட்சித் தலைவரிடம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் பிரபுக்கள் சபைத் தலைவர் ஏஞ்சலா ஸ்மித் வகிக்கிறார். இதற்கும் ஒரு கணக்கு வழக்கு உண்டு. சபைத் தலைவர் என்பது தனிச் சம்பளம் உள்ள பதவி கிடையாது. 1975ஆம் ஆண்டின் அமைச்சர் சம்பளச் சட்டத்தின் பட்டியலில் லார்டு பிரிவி சீல் இருக்கிறது. அதிலும், கேபினெட் உறுப்பினராக இருந்தால்தான் மேல் சம்பளம், இல்லாவிட்டால் குறைந்த படி. கேபினெட் சம்பளம் பெறுவோர் எண்ணிக்கைக்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. 2014இல் டேவிட் கேமரூன் மந்திரிசபையை மாற்றியபோது இடம் நிரம்பிவிட்டது. புதிதாக வந்த டினா ஸ்டோவெல், லார்டு பிரிவி சீலாகவே இருந்தும், கேபினெட்டில் முழு உறுப்பினராக முடியவில்லை. கூட்டத்துக்கு வரலாம், அவ்வளவுதான். அவருக்கு முன் இருந்த ஆணுக்குக் கிடைத்த தகுதியும் சம்பளமும் அவருக்கு ஏன் இல்லை என்று கட்சி பேதமின்றிப் பிரபுக்கள் சபை கொதித்தது. மறு ஆண்டு தேர்தலுக்குப் பிறகு முழு உறுப்பினர் தகுதி திரும்பி வந்தது.

வணக்கம்.