யாரும் தடுக்காத காதல்: ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’

வணக்கம். மகோதோ ஷின்காய் இயக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியான ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’ என்னும் ஜப்பானிய அனிமே படத்தைப் பற்றி, அதன் முடிவையும் சேர்த்தே, இந்தக் காணொளியில் பேசவிருக்கிறோம். மூன்று பகுதிகள் கொண்ட இந்தப் படத்தில் காதலர்களைப் பிரிக்கும் வில்லனும் இல்லை, எதிர்த்து நிற்கும் குடும்பமும் இல்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விடுவதுதான் இதன் சிக்கல் முழுவதற்கும் வேர் என்று நான் கருதுகிறேன்.

[திரையில்: பனிவெளியில் நின்றுவிட்ட ரயில்]

டோக்கியோவில் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்த தக்காக்கியும் அகாரியும், அகாரியின் குடும்பம் தொச்சிகிக்குக் குடிபெயர்ந்த பிறகு கடிதங்கள் வழியாகவே பழகுகிறார்கள். தானும் தெற்கே ககோஷிமாவுக்குப் போக நேர்ந்தபோது, அதற்குள் ஒருமுறை அவளைப் பார்த்துவிடத் தக்காக்கி இவாஃபுனே நிலையத்துக்கு ரயிலேறுகிறான். எல்லோர் கையிலும் கைப்பேசி வந்திராத 1990-களின் நடுப்பகுதி அது. பனிப்பொழிவில் ரயில் நின்று நின்று போக, மாலை 7 மணிக்கே வந்து காத்திருப்பவளுக்குத் தகவல் சொல்ல வழியின்றி அவன் தவிக்கிறான். எழுதி வைத்திருந்த கடிதத்தையும் நடைமேடையில் காற்று பறித்துக்கொள்கிறது. இரவு 11 மணிக்கு மேலும் அகாரி காத்திருக்கிறாள். ஆனால் அவளும் தன் கடிதத்தைக் கொடுக்காமலேயே அவனை வழியனுப்புகிறாள்.

மூன்றாம் பகுதியில் அகாரி வேறொருவரை மணக்கவிருக்கிறாள். தக்காக்கியோ, தன்னை நேசித்த இன்னொரு பெண்ணையும் இழந்து நிற்கிறான்.

[திரையில்: தனெகாஷிமா தீவு, கடலலைகள்]

படத்தின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. தக்காக்கி குடிபெயர்ந்த ககோஷிமாவைச் சேர்ந்த, விண்வெளி ஏவுதளம் உள்ள தனெகாஷிமா தீவில், உயர்நிலைப் பள்ளி மாணவியான கனாயே அவனை விரும்புகிறாள். பள்ளி முடிந்ததும் அவனோடு ஸ்கூட்டரில் வீடு திரும்புவதற்காகவே காத்திருக்கும் அவள், அலைச்சறுக்குப் பலகையில் எழுந்து நிற்க முடிந்த நாளில் தன் மனத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று உறுதி கொள்கிறாள். அப்படியே எழுந்தும் நிற்கிறாள். அன்று மாலை ஸ்கூட்டர் பழுதாகி இருவரும் நடந்து வரும்போது, அவன் காட்டும் கனிவே தாங்க முடியாததாகி அழுதுவிடுகிறாள். அந்நேரம் ராக்கெட் ஒன்று வானைப் பிளந்து மேலேறுகிறது. அவன் பார்வை தன்னைத் தாண்டி வெகுதொலைவில் இருப்பதை அப்போது உணர்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடுகிறாள்.

அவனோ, யாருக்கும் அனுப்பாத குறுஞ்செய்திகளைத் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருக்கிறான். பழைய காதலுக்கு உண்மையாக இருப்பதாக அவன் எண்ணியிருக்கலாம். அதற்கான விலையைக் கொடுப்பவள் அருகில் நடந்து வரும் கனாயே. இந்தப் பகுதியின் பெரும்பங்கு அவள் குரலிலேயே சொல்லப்படுவதால், படத்தைத் தக்காக்கி, அகாரி ஆகிய இருவரின் கதையாக மட்டும் பார்த்தவர்கள் இப்பகுதியை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.