பனி இறங்கும், புகை எழும்

(பினாங்கில் ஒரு ஞாயிறு மாலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

'மூடுபனி' என்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் பொருளையும் அதை நாம் உவமையாக ஆளும் விதத்தையும் பேசச் சொன்னார்கள். இந்தச் சொல்லைக் கையிலெடுத்த நாளிலிருந்து ஒரே கேள்விதான் என்னை விடாமல் தொடர்கிறது. கண்ணை மறைக்கிற ஒன்று தானாக வந்ததா, ஒருவர் உண்டாக்கியதா? இதைக் கேட்க நாம் மறந்துவிட்டோம். அதனால் நாம் கொடுத்த விலை பெரிது.

முதலில் வானிலைக்காரர்களின் கணக்கு. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளால் பார்வை எட்டும் தூரம் 1 கிலோமீட்டருக்கும் கீழே போனால் அது மூடுபனி. 1 கிலோமீட்டருக்கு மேல் தெரிந்தால் மெல்லிய பனிமூட்டம். நீர்த்துளி இல்லாமல், உலர்ந்த தூசியும் கரித்துகளும் சேர்ந்து மறைத்தால் அது புகைமூட்டம். மலாயில் மூடுபனியைக் காபுஸ் என்றும் புகைமூட்டத்தை ஜெரெபு என்றும் பிரித்துத்தான் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் "வெளியே ஒரே பனியா இருக்கு" என்று ஒன்றாக்கிவிடுகிறோம்.

ஆயர் ஈத்தாமில் ரயிலேறிக் கொடிமலைக்குப் போயிருப்பீர்கள். உயரம் 833 மீட்டர். கீழே ஜார்ஜ்டவுனில் சட்டை முதுகோடு ஒட்டும் வெக்கை. உச்சியில் அதைவிட ஐந்து பாகை அளவு குளிர்ச்சி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளித்துளியாகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மேகம். அதற்குள் நிற்பவருக்கு மூடுபனி. அந்த உச்சியில் ஒரு திருமுருகன் ஆலயம் இருக்கிறது. சில காலைகளில் பனி அதன் வாசற்படிவரை வந்து நிற்கும். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதாகக் கொடுத்த தொல்காப்பியர், 'பனியெதிர் பருவமும் உரித்து' என்று முன்பனியையும் சேர்த்து வைத்தார். நாம் கடல் கடந்தபோது ஆறு பருவங்களும் நம்மோடு கப்பலேறவில்லை. இந்த மண்ணில் மார்கழிக் குளிரும் இல்லை, மாசிப் பனியும் இல்லை. இருந்தும் நம்மவர்கள் பனி இறங்குகிற இடமாகப் பார்த்து முருகனை வைத்து வழிபட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தீராத நெகிழ்ச்சி உண்டு.

பனி இறங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? நம் வாயில் வரும் வினைகளைக் கவனியுங்கள். பனி இறங்கும், பெய்யும், கொட்டும், விலகும். புகை எழும், கிளம்பும், சூழும். புகை போடுவார்கள், புகை மூட்டுவார்கள். பனிக்கு ஆள் தேவையில்லை. புகைக்குக் கீழே நெருப்பு இருக்கவேண்டும், நெருப்புக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கை இருக்கும்.

உவமைகளும் இதே வழியில்தான் பிரிந்து போகின்றன. பனி நம் மொழியில் துயரத்தோடும் கனிவோடும் சேர்ந்தது. வள்ளுவர் காமத்துப்பாலில் மாலைப்பொழுதைப் பற்றிப் பாடும்போது 'பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை' என்கிறார். பிரிந்தவளுக்கு அந்த மாலை பனி அரும்பி, வாடி, துன்பம் வளர வருகிறது. இன்றைக்கும் மனம் நெகிழ்ந்தால் கண்கள் பனிக்கின்றன. துன்பம் போய்விட்டால் அது 'சூரியனைக் கண்ட பனி போல' போய்விட்டது என்கிறோம். பிள்ளைகளே, இந்த உவமைத்தொடரை நீங்கள் பள்ளியில் எழுதிப் பழகியிருப்பீர்கள்.

புகைக்கு வாருங்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பது நம் வழக்கம். அண்ணன் தம்பிக்கு நடுவே புகைச்சல் இருக்கிறது என்பார்கள். ஒரு விவகாரம் ரொம்ப நாளாகப் புகைந்துகொண்டிருக்கிறது என்பார்கள். இவற்றில் எங்கும் சூரியன் வந்து காப்பாற்றுவதில்லை. யாராவது நெருப்பை அணைத்தால்தான் உண்டு.

பனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அதற்குள் வளர்ந்தவள். செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டம். ரப்பர் மரத்தில் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பனி விலகட்டும் என்று காத்திருக்க முடியாது. அம்மா ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். பனியில் தலையை நிமிர்த்தினால் விளக்கின் வெளிச்சம் வெள்ளைச் சுவரைப் போல எதிரே நின்றுகொள்ளும். அம்மா தலையைத் தாழ்த்தி, வெளிச்சத்தை மரத்தின் மேல் விழவைத்து, இடது கட்டைவிரலால் முதல்நாள் வெட்டிய கோட்டைத் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே கத்தியை வைத்து இழுப்பார். பட்டை நனைந்து கிடந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து, மங்கு என்கிற பால் கிண்ணத்தில் சேராமல் போகும். அன்றைக்கு வெட்டு இல்லை. அப்படி மரத்துக்கு மரம், கைக்கு எட்டுவதை மட்டும் நம்பிப் போய்க்கொண்டே இருப்பார். அடுத்த மரம் அங்கே இருக்கிறது என்பது காலுக்குத் தெரியும்.

பள்ளியின் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையின் மனத்தில் இருப்பது இந்தப் பனிதான். தாயை இழந்த ஒருவருக்கு ஆறு மாதம் எதுவுமே புலப்படாமல் இருப்பதும் இதுதான். அவர்களை "ஏன் இன்னும் தெளியவில்லை?" என்று நெருக்காதீர்கள். பனிக்கு நேரம் கொடுக்கலாம். பக்கத்தில் நின்று, கைக்கு எட்டுகிற அடுத்த மரத்தைக் காட்டலாம்.

புகைக்கு நேரம் கொடுக்கக் கூடாது.

1997 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல் நீனோ வறட்சி. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீ, சதுப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப் படிந்த மண் அது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே எரிபொருள். மேலே தீ தெரியாது; அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நம் பக்கம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, ஐ.பி.யூ. என்று சொல்கிறோமே, அதில் 300ஐத் தாண்டினாலே அபாயம். கூச்சிங்கில் அது 800க்கும் மேலே போனது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம். 2013 ஜூனில் மூவாரில் 746. 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். அந்த நாள்களில் கொம்தார் கட்டடத்தின் மேல்மாடிகள் மறைந்திருந்தன. பாலம் பாதிக் கடலில் முடிந்துபோனது. துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளைப் பள்ளிச் சட்டையை மாலையில் முகர்ந்தால் கரிவாடை அடித்தது.

அப்போதும் ஒரு மாணவி தன் கட்டுரையில் 'புகைமூட்டம் சூரியனைக் கண்ட பனி போல விலகும்' என்று எழுதியிருந்தாள். உவமை அழகுதான். ஆனால் சூரியன் அங்கேயே உச்சியில் சிவந்து நின்றது, புகை அசையவில்லை. நீர்த்துளி வெயிலில் ஆவியாகும். கரித்துகள் எப்படி ஆவியாகும்? மழை கழுவவேண்டும், காற்று திசை மாறவேண்டும், அல்லது மனிதர்கள் போய்த் தீயை அணைக்கவேண்டும். அதைத்தான் அவள் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் மாநகரமே சாட்சி. தலைமுறை தலைமுறையாக நிலக்கரியை எரித்து வந்த மஞ்சள் புகையை அந்த ஊர்க்காரர்கள் 'ஃபாக்' என்றே, அதாவது பனி என்றே, அழைத்துவந்தார்கள். பனி என்றால் வானத்தின் செயல், யாரைக் கேட்பது? 1905இல் ஹென்றி தெவோ என்ற மருத்துவர் புகையையும் பனியையும் குறிக்கும் இரண்டு சொற்களை ஒட்டி 'ஸ்மாக்' என்று சொல்லிப் பார்த்தார். ஊர் திருந்த இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் 4,000 பேர் மாண்டதாக முதலில் கணக்கிட்டார்கள்; பின்னால் வந்த ஆய்வாளர்கள் அது 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். 1956இல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

போர்க்களத்துக்கும் இந்தச் சொல் போயிருக்கிறது. பிரஷ்யப் படையதிகாரி கிளவுஸ்விட்ஸ், போரில் முடிவெடுக்கவேண்டிய விவரங்களில் முக்கால் பங்கு மூடுபனிக்குள் கிடப்பதாக எழுதினார். அவர் உண்மையைத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் பலர் 'போரின் மூடுபனி' என்ற தொடரைத் தங்கள் செயலுக்குப் போர்வையாக்கிக்கொண்டார்கள்.

இப்போது தமிழுக்கே வருகிறேன். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படிக்கிறீர்கள். தீ மூண்டது, தன்வினை. தீயை மூட்டினார்கள், பிறவினை. நம் செய்திகளில் தீ எப்போதும் மூள்கிறது. கலவரம் மூள்கிறது. குழப்பம் நிலவுகிறது. நிலா வானத்தில் நிலவுவதைப் போலக் குழப்பமும் அதுபாட்டுக்கு இருக்கிறது என்று நம் காது எடுத்துக்கொள்கிறது. குழப்பியவர் யார் என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் கட்டட நிதி திரட்டினார்கள். தோட்டத்து ஆள்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்டபோது, பொதுக்கூட்டத்தில் ஓர் அறிக்கை வாசித்தார்கள்: 'தவிர்க்க இயலாத காரணங்களால் கணக்கில் சிறு தெளிவின்மை ஏற்பட்டுள்ளது. காலப்போக்கில் சரியாகும்.' பலர் தலையாட்டினார்கள். ஒரு பாட்டி எழுந்து, "ஏற்பட்டுச்சுன்னா என்னய்யா அர்த்தம்? யாரு ஏற்படுத்துனது?" என்று கேட்டார். மண்டபம் அப்படியே அடங்கியது. அடுத்த கூட்டத்தில் ரசீதுப் புத்தகங்கள் மேசைக்கு வந்தன. அந்தப் பாட்டி புகையைப் பனி என்று ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நாட்டு அளவிலும் இது நடந்திருக்கிறது. புகைமூட்டத்தின் ஐ.பி.யூ. எண்களைப் பல ஆண்டுகள் அரசு மக்களுக்கு வெளியிடவில்லை. சுற்றுலா பாதிக்கும் என்பது காரணம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூச்சுத் திணறிய பிறகே வெளியிட்டார்கள். இழுப்புநோய் உள்ள குழந்தையை இன்று வெளியே அனுப்பலாமா என்று பார்க்கிற தாய்க்கு வேண்டியது அந்த எண் ஒன்றுதான். வெளியே ஒரு புகை, எண்ணின் மேல் இன்னொரு புகை. இன்று கைப்பேசியில் மணிக்கு மணி பார்க்கிறோம். 2018 முதல் மிக நுண்ணிய துகள்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அது தானாகக் கிடைத்த தெளிவு அல்ல, கேட்டு வாங்கியது.

நம் வீட்டு வாசலுக்கே வரும் புகை ஒன்று பாக்கி. டெங்கிக்கு ஃபாகிங் அடிக்க வருகிறார்கள். தெருவே வெள்ளையாகிவிடும், மண்ணெண்ணெய் மாதிரி நெடி வீசும், நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு நிம்மதி அடைவோம். அந்தப் புகை பறக்கிற ஏடிஸ் கொசுவைத்தான் கொல்லும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடாது. அடுத்த வாரம் அந்தப் புழு கொசுவாகிப் பறக்கும். தட்டைக் கவிழ்ப்பது நம் வேலை.

என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: 'கோவிட் வந்து போனபின் என் மகளுக்கு யோசனை ஓடவில்லை, சொல் வாயில் வரவில்லை. டாக்டர் பிரெயின் ஃபாக் என்கிறார். சொந்தக்காரர்கள் மூளை மந்தம் என்கிறார்கள். நான் என்ன சொல்வது?'

அம்மா, மந்தம் என்று சொல்ல விடாதீர்கள். அந்தச் சொல் அவள்மேல் குறையைப் போடுகிறது. கோவிட்டுக்குப் பிறகு நினைவும் கவனமும் தடுமாறுவது பலருக்கு வந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் கோவிட்டுக்குப் பிந்திய நிலையை வரையறுத்தபோது மூச்சுத்திணறல், களைப்பு இவற்றோடு இதையும் சேர்த்தே சொன்னது. சொந்தக்காரர்களிடம் 'நினைவு மங்கலாக இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறாள்' என்று சொல்லுங்கள்; போதும். ஆனால் டாக்டரிடம் 'பிரெயின் ஃபாக்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்த நேரத்தில் மங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அன்று தூங்கினாளா, என்ன மருந்து சாப்பிட்டாள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கக்குறைவாலும் வரலாம், ரத்தசோகையாலும் தைராய்டாலும் வரலாம், சாப்பிடுகிற மருந்தாலும் வரலாம். அவற்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருப்பேன், வந்து பேசுங்கள்.