காண்டீவத்தைத் தண்ணீரில் விட்டவன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொட்டும் பனியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"தன் தேவை முடிந்துவிட்டது என்பதை மனதார ஏற்றுக்கொண்டவர் பரசுராமரா, அர்ச்சுனனா?" இதுதான் தலைப்பு. பரசுராமரே என்று பேசிய எதிரணித் தலைவர் நல்ல கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மிதிலையில் கல்யாணம் முடிந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில் பரசுராமர் மறிக்கிறார். 21 தலைமுறை அரசர்களை வெட்டிச் சாய்த்தவர். திருமாலின் வில்லை நீட்டி, முடிந்தால் இதை வளை என்கிறார். இராமன் வளைத்துவிட்டு, அம்புக்கு இலக்கு எது என்று கேட்கிறான். தன் தவம் முழுவதையும் இலக்காகக் கொடுத்து, வாழ்த்திவிட்டுப் போகிறார். கம்பன் பாடிய காட்சி, அழகுக்கு என்ன குறை!

ஆனால் போனவர் போனாரா? அடுத்த யுகத்தில், பீஷ்மரால் என் வாழ்வு பாழாயிற்று என்று அம்பை என்ற இளவரசி வந்து அழுததும் வில்லைத் தூக்கிக்கொண்டு குருட்சேத்திரத்துக்கு வந்தவர் யார் ஐயா? தான் வில் சொல்லிக்கொடுத்த பீஷ்மரோடு 23 நாள் மல்லுக்கு நின்றாரே! முன்னோர்கள் வந்து "போதும், வில்லைக் கீழே வை" என்று சொன்ன பிறகல்லவா ஓய்ந்தார்? பிரிவுபசார விழாவில் சால்வையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் வந்து உட்காருகிறவரை நாம் பார்க்காத அலுவலகமா?

இன்னொன்று. பரசுராமருக்கு எதிரே நின்றது இராமன். நம்மைவிடப் பெரியவன் வந்துவிட்டான் என்று ஒதுங்கினால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அர்ச்சுனனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

நம்மில் பலருக்கு வயதான அர்ச்சுனனைத் தெரியாது. வில்லிபாரதம் 10 பருவங்களோடு நின்றுவிடுகிறது. கூத்திலும் படுகளம், தீமிதியோடு சரி. நாம் பார்த்தது தபசு மரம் ஏறுகிற அர்ச்சுனனை. அவன் மேலிருந்து வீசுகிற எலுமிச்சம்பழத்தை மடியேந்திப் பிடித்திருக்கிறோம். இறங்கி வந்த அர்ச்சுனனைப் பார்க்க வேண்டுமானால் வியாச பாரதத்தின் 16ஆவது பருவத்துக்கு, மௌசல பருவத்துக்கு, போக வேண்டும்.

போர் முடிந்து 36 ஆண்டு. யாதவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மாண்டார்கள். கண்ணன் ஒரு வேடனின் அம்பில் போய்ச் சேர்ந்தான். துவாரகையில் மிஞ்சிய பெண்களையும் கிழவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் புறப்படுகிறான். பின்னால் ஊரைக் கடல் விழுங்குகிறது. ஐந்து ஆறுகள் பாயும் நாட்டில் தங்கியிருக்கும்போது ஆபீரர் என்ற வழிப்பறிக் கூட்டம் வருகிறது. அவர்கள் கையில் இருந்தது தடி. வெறும் தடி, ஐயா! அர்ச்சுனன் சிரிக்கிறான். உயிர்மேல் ஆசையிருந்தால் ஓடிப்போங்கள் என்கிறான். ஒருவனும் ஓடவில்லை. காண்டீவத்துக்கு நாண் ஏற்றப் பார்க்கிறான். திணறித் திணறித்தான் ஏறுகிறது. அஸ்திரங்களை நினைக்கிறான், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அள்ள அள்ளக் குறையாத அம்புத் தூணி காலியாகிவிட்டது. கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? வில்லின் நுனியால் அடித்தான். சிவனோடு பொருத கை, காண்டீவத்தைக் கம்பாகப் பிடித்துக்கொண்டு கம்புக்காரர்களோடு மல்லாடுகிறது! அவன் கண்ணெதிரே பெண்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இது தோல்வி, இதில் ஏற்றுக்கொண்டது எங்கே என்று எதிரணி கேட்கும். சரி, தோல்விதான். அடுத்த நாள் என்ன செய்தான் என்று பாருங்கள். மிச்சமிருந்தவர்களை நடத்திக் கொண்டுபோய் ஊர் ஊராகக் குடியமர்த்தினான். கண்ணனின் கொள்ளுப்பேரன் வச்சிரனை இந்திரப்பிரஸ்தத்தில் அரசனாக்கினான். வில் கைவிட்ட பிறகும் வேலையை விடவில்லை. எல்லாம் முடித்துவிட்டுத்தான் வியாசரிடம் போய் அழுதான். வியாசர் சுற்றி வளைக்கவில்லை. வந்த காரியம் முடிந்தது, அஸ்திரங்கள் வந்த இடத்துக்கே போய்விட்டன, நீங்களும் கிளம்ப வேண்டிய காலம் என்று சொல்லிவிட்டார்.

கிளம்பினார்கள். நாட்டைப் பரீட்சித்துக்குக் கொடுத்து, மரவுரி கட்டிக்கொண்டு, ஐவரும் திரௌபதியும் கூடவே ஒரு நாயும். எல்லாவற்றையும் துறந்த அந்த வரிசையில் அர்ச்சுனன் மட்டும் காண்டீவத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்! எதிரணி அம்மையார் இதைச் சொல்லித்தான் "பற்று விட்டதா பாருங்கள்" என்று கிண்டல் செய்தார்.

அம்மா, என் அப்பா தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். கணினி வந்ததும் கூட்டம் குறைந்து, பயிலகத்தை மூடி, 12 இயந்திரங்களில் 11ஐ எடைக்குப் போட்டார். ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரிப்பன் காய்ந்துபோய் ஓர் எழுத்து விழாது. ஆனாலும் ஆயுத பூசை வந்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். "எதுக்குப்பா இது, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று ஒரு வருடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. உறையைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். அதனால் அர்ச்சுனன் சுமந்ததை என்னால் கிண்டல் செய்ய முடியாது.

அவனும் எவ்வளவு தூரம் சுமந்தான்? கடல் வரைக்கும். அங்கே அக்கினி மலைபோல் வழிமறிக்கிறான். காண்டவ வனத்தை எரிக்கும்போது வருணனிடம் உனக்காக வாங்கித் தந்த வில், இனி இதற்கு வேலையில்லை, அவனிடமே கொடுத்துவிடு என்கிறான். நடுவர் அவர்களே, இங்கே 17ஆம் நாள் போரை நினைத்துப் பாருங்கள். "காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு" என்று தருமர் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அப்படிச் சொல்பவன் தலையை எடுப்பதாகச் சபதம் செய்திருந்த அர்ச்சுனன், அண்ணன் என்றும் பார்க்காமல் வாளை உருவினான். கண்ணன் தடுத்ததால் தருமர் பிழைத்தார். இப்போது அதே வார்த்தை. தடுக்கக் கண்ணன் இல்லை. அர்ச்சுனன் வில்லையும் இரண்டு தூணிகளையும் தண்ணீரில் விட்டான்.

எதிரணி குறித்துக்கொள்ளட்டும். பரசுராமர் நீட்டிய வில்லும் வருணனிடம்தான் போயிற்று. ஆனால் அதைக் கொடுத்தது இராமன்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். வில்லை விட்ட பிறகு அர்ச்சுனன் என்ன செய்தான்? நடந்தான். முன்னால் தருமரும் வீமனும், பின்னால் நகுலன், சகாதேவன், திரௌபதி, அந்த நாய். வெறும் தோளோடு தன் இடத்தில் நடந்தான். நானும் என் இடத்துக்குப் போகிறேன். வணக்கம்.