தரகரின் பின்னால் இருப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பங்குத் தரகு நடத்தும், சீனத் தொடர்புள்ள நிறுவனங்களை எப்படி மேற்பார்வை செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

2016இல் சீனாவின் சோங்சிங் நகரத்து காசின் நிறுவனம், வேறு சில முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு சிகாகோ பங்குச் சந்தையையே விலைக்குக் கேட்டது. 1882இல் தொடங்கிய சந்தை அது. அமெரிக்கப் பங்கு வணிகத்தில் அப்போது அதன் அளவு ஏறக்குறைய அரை சதவீதம்தான். அந்நிய முதலீடுகளை ஆராயும் அமெரிக்க அரசுக் குழு அந்த ஆண்டே சம்மதம் தெரிவித்துவிட்டது. ஆனால் எஸ்.இ.சி. எனப்படும் பங்குச் சந்தை ஆணையம் 2018 பிப்ரவரியில் அனுமதி மறுத்தது. ஒருவர் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அந்தச் சந்தையின் விதி. வாங்க வருகிறவர்களுக்குள் யார் யாரோடு சேர்ந்தவர், அந்த வரம்பு உண்மையில் காக்கப்படுமா என்று உறுதிசெய்ய ஆணையத்தால் முடியவில்லை. அதனால்தான் மறுப்பு. எந்த நாட்டவர் என்பதைவிட, யார் கையில் கட்டுப்பாடு இருக்கும் என்று கேட்டார்களே, அதைத்தான் நான் சரியான மேற்பார்வை என்பேன்.

இப்போது தரகர்களுக்கு வருவோம். அமெரிக்காவில் பங்குத் தரகு நடத்த எஸ்.இ.சி.யில் பதிவு வேண்டும், தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா என்ற அமைப்பில் உறுப்பினராக வேண்டும். 5 சதவீதமோ அதற்கு மேலோ நேரடியாக வைத்திருப்பவர்களின் பெயரைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். 25 சதவீத உரிமை கைமாறினால் ஃபின்ராவின் ஒப்புதல் தேவை. தரகர் நொடித்துப்போனால் வாடிக்கையாளருக்கு 5 லட்சம் டாலர் வரை பாதுகாப்பும் உண்டு. பணத்தைக் காக்க நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தரகரிடம் இருப்பது பணம் மட்டுமா? உங்கள் சம்பளம், வங்கிக் கணக்கு, அடையாள எண், எதில் எவ்வளவு இழந்தீர்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். மூமூ, வீபுல் என்று பங்கு வாங்கி விற்க உதவும் இரண்டு செயலிகள் அமெரிக்காவில் உண்டு. மூமூவின் தாய் நிறுவனம் ஹாங்காங்கின் ஃபூட்டு. அதில் டென்சென்ட் என்ற சீனத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வீபுல்லின் வேர் சீனாவின் சாங்ஷா நகரில். அமெரிக்க வாடிக்கையாளர் விவரங்கள் அமெரிக்காவிலேயே இருப்பதாக இரு தரப்பும் சொல்கின்றன. சரி, சர்வர் அங்கேயே இருக்கட்டும். அதைத் திறந்து பார்க்கும் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது? சீனாவின் 2017ஆம் ஆண்டு உளவுச் சட்டம், கேட்டால் ஒத்துழைக்க வேண்டும் என்று அந்நாட்டு நிறுவனங்களையும் குடிமக்களையும் கட்டாயப்படுத்துகிறது. அங்கிருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர் நல்லவராகவே இருந்தாலும் மறுப்பது கடினம். அதனால் அவரைச் சந்தேகிப்பதில் பயனில்லை. அனுமதியின் அளவைத்தான் அரசு சோதிக்க வேண்டும்.

இது சீனாவின் மீது காழ்ப்பு என்று சிலர் சொல்லக்கூடும். சீன அரசே இதில் கறார்தான். அனுமதி இல்லாமல் உள்நாட்டு மக்களிடம் தரகு நடத்தியதாக, இதே ஃபூட்டுவையும் டைகர் என்ற இன்னொரு தரகு நிறுவனத்தையும் 2022 டிசம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் கண்டித்தது. அடுத்த மே மாதம் அவற்றின் செயலிகள் சீனாவின் ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இத்தகைய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்பதோடு இது நிற்கக் கூடாது. கடிதத்துக்கு நிறுவனம் பதில் எழுதும், அப்புறம் விஷயம் ஆறிப்போகும். உரிமையாளர் பெயரைக் கேட்கும் அதே படிவத்தில், வாடிக்கையாளர் விவரங்களை எந்த நாட்டிலிருந்து, யார் பார்க்க முடியும் என்ற கேள்வியும் சேர வேண்டும். முதலீட்டு ஆலோசகர்களுக்கும் அதே கேள்வி. சொன்ன பதில் உண்மையா என்று ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வணக்கம்.