லிபியாவின் சம்பளப் பட்டியல்

அவையோருக்கு வணக்கம்.

அரபு எழுச்சிகளைப் பற்றி நாம் பேசும்போது துனீசியாவையும் எகிப்தையும் விரிவாக அலசுவோம். லிபியா என்று வந்ததும் "அது குலச்சண்டை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். சர்வாதிகாரி கடாஃபிக்குப் பிறகு அந்த நாடு ஏன் உடைந்தது என்பதற்கு விடை தேட வேண்டிய இடம் அரசாங்கத்தின் சம்பளப் பட்டியல்தான். இன்று அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1996 இல் தலைநகர் திரிப்போலியின் அபு சலீம் சிறையில் ஏறத்தாழ 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் தகவல் சொல்லவில்லை. உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி, சாப்பாடும் துணிமணியும் கொண்டுவந்து சிறை வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்கள். காவலர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழக்கறிஞர் ஃபத்ஹி தெர்பிலை 2011 பிப்ரவரி 15 அன்று கிழக்கு நகரான பெங்காசியில் கைது செய்தபோதுதான் ஊரே தெருவில் இறங்கியது. நீதி கேட்டுத் தொடங்கிய எழுச்சி அது. இதை மறந்துவிட்டுப் பின்னால் வந்த சண்டைகளைப் பேசுவது சரியல்ல.

அக்டோபர் 20 இல் கடாஃபி சிர்த்தேயில் கொல்லப்பட்டார். அந்த எட்டு மாதப் போரில் வானத்தில் நேட்டோ விமானங்கள் இருந்தன. தரையில் ஒற்றைத் தலைமையின் கீழ் ஓர் இராணுவம் இல்லை. மிஸ்ராத்தா நகருக்கு ஒன்று, ஜின்தான் ஊருக்கு ஒன்று, திரிப்போலியில் பேட்டைக்கு ஒன்று என்று படையணிகள். போர் முடிந்தும் அவை ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. இடைக்கால அரசிடம் அவர்களை அடக்க ஆள்பலம் கிடையாது; எண்ணெய்ப் பணம்தான் இருந்தது.

பணம் கொடுத்தார்கள். 2012 தொடக்கத்தில் போராளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது: மணமானவருக்கு 4,000 தினார், மணமாகாதவருக்கு 2,400 தினார். யார் போராளி என்று சொல்லும் பட்டியல் உள்ளூர்ப் படைத்தலைவர்களிடமிருந்து வந்தது. இறந்தவர் பெயரும் அதில் இருந்தது, போர்முனைப் பக்கமே போகாதவர் பெயரும் இருந்தது. மோசடி முற்றிப்போய் ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். மே மாதம், பணம் எங்கே என்று கேட்டுத் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் பிரதமர் அலுவலகத்தையே தாக்கினார்கள்.

இதைவிடப் பெரிய தவறு மாதச் சம்பளத்தில் நடந்தது. படையணிகளைக் கலைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனி ஆளாகத் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து, வேறு ஊரில் பணியமர்த்தியிருக்க வேண்டும். அரசு செய்தது வேறு. உள்துறையின் கீழ் 'உச்ச பாதுகாப்புக் குழு', பாதுகாப்புத் துறையின் கீழ் 'லிபியக் கேடயம்' என்று பெயர் சூட்டி, குழுக்களை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டது. தலைவர் மாறவில்லை, ஆயுதக்கிடங்கு மாறவில்லை, விசுவாசமும் மாறவில்லை. சம்பளம் மட்டும் கருவூலத்திலிருந்து வந்தது. பட்டியலில் பெயர் கூடக் கூடத் தலைவரின் கைக்கு வரும் பணமும் கூடியது. யார்தான் பெயரைக் குறைப்பார்?

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 2013 அக்டோபர் 10 விடியற்காலையில் பிரதமர் அலி ஜெய்தானை அவர் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து கடத்தியது, அரசோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு குழுதான். சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு கிழக்கின் எண்ணெய்த் துறைமுகங்களை மூடியவர்களோ, அவற்றைக் காவல் காக்க அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்கள். 2014 இல் திரிப்போலியில் ஒரு நாடாளுமன்றம், கிழக்கே தோப்ருக்கில் இன்னொன்று என்று நாடு பிளந்தது. அப்போதும் இரண்டு பக்கத்திலும் ஏராளமானோருக்குச் சம்பளம் திரிப்போலியின் மத்திய வங்கியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இருவருக்கும் ஒரே கருவூலம்!

எண்ணெய்ப் பணம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். தேசிய எண்ணெய்க் கழகம் விற்கிறது. பணம் லிபிய வெளிநாட்டு வங்கி வழியாக மத்திய வங்கிக்கு வருகிறது. வேறு யாரும் விற்கக் கூடாது என்பது ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவு. 2018 ஜூனில் கிழக்கின் படைத்தளபதி கலீஃபா ஹஃப்தர் துறைமுகங்களை அங்கிருந்த போட்டி எண்ணெய்க் கழகத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார். இரண்டு வாரங்களில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் வயலைக் கையில் வைத்திருப்பவரால் விற்க முடியாது, மூட முடியும். அதனால் மூடினார்கள். 2020 ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை உற்பத்தி கிட்டத்தட்ட நின்றே போனது.

மேற்கில் சுரண்டல் வங்கி வழியாக நடந்தது. 2017 இல் வங்கியில் டாலர் 1.4 தினார் அளவில். கள்ளச்சந்தையில் ஒரு கட்டத்தில் 9 தினாரைத் தாண்டியது. இறக்குமதிக்கென்று கடன் கடிதம் (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வாங்கினால் வங்கி விலையில் டாலர் கிடைக்கும். ஆயுதக்குழுக்களின் ஆட்கள் வங்கி மேலாளரை மிரட்டி அதை வாங்கினார்கள், வெறும் கொள்கலனை இறக்குமதி செய்தார்கள், டாலரைத் தெருவில் விற்றார்கள். சாதாரணக் குடும்பங்கள் தங்கள் சொந்தச் சேமிப்பை எடுக்க வங்கி வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்றன.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கிழக்குக் கடற்கரை ஊரான டெர்னா கொடுத்தது. அந்த ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளைச் சீர்செய்ய 2007 இல் ஒரு துருக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2010 இல் வேலை தொடங்கியது, 2011 இல் நின்றது, மீண்டும் தொடங்கவே இல்லை. 2012, 2013 ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணமும் செலவாகவில்லை என்று தணிக்கைத் துறை 2021 இல் எழுதிவைத்தது. 2023 செப்டம்பர் 11 அதிகாலையில் டேனியல் புயல் மழையில் இரண்டும் உடைந்து, வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அடித்துச் சென்றது. 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்கள் குற்றவாளிகளாக இருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் படையணிகளுக்குச் சம்பளம் தவறாமல் போக, அணைக்கு ஒரு பொறியாளர் போகாதது எப்படி என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் தொடவில்லை.

இன்னும் அதே வழிதான். 2021 ஜனவரியில் ஓர் அரசாணை மூலம் 'நிலைத்தன்மை ஆதரவு அமைப்பு' உருவானது. தலைவராக வந்தவர் திரிப்போலியின் அபு சலீம் பகுதியை ஆண்ட படைத்தலைவர் அப்துல் கனி அல்கிக்லி. 2025 மே 12 அன்று அவர் அரசின் இன்னொரு படைப்பிரிவின் முகாமில் கொல்லப்பட்டார். தலைநகரில் அன்றிரவே கனரக ஆயுதச் சண்டை வெடித்தது. ஒப்பந்தம் எழுதவும் தேர்தல் தேதி குறிக்கவும் தூதர்கள் மாறி மாறி வருகிறார்கள். 2021 டிசம்பர் 24 என்று குறித்த தேர்தல் நடக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியது சம்பளத்தைத் தலைவரின் கையிலிருந்து பிடுங்குவது: தேசிய அடையாள எண்ணோடு தனிமனிதரின் வங்கிக் கணக்குக்கு நேரே பணம், குழு கொடுக்கும் பட்டியலுக்கு ஒரு தினார்கூடக் கிடையாது, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் பொதுவெளியில். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் சேர்ந்து எதிர்ப்பார்கள். அதனால்தான் இதைப் பேச்சுவார்த்தையின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.