நைஸா அரைச்ச மாவு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு முனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. போன வாரம் அங்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "அண்ணே, இடியாப்பத்துக்கு. நல்லா நைஸா திரிச்சுக் குடுங்க" என்றார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன் செல்போனில் யாருடைய போட்டோவையோ பார்த்து, "நைஸ்டா மாப்ள" என்றான். மில்காரர் தன் பங்குக்கு, "கடன் சொன்ன ஆளு நைஸா நழுவிட்டான் பாருங்க" என்று புலம்பினார். ஒரே வார்த்தை, மூன்று பேர், மூன்று பொருள். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அகராதியைத்தான் எடுத்தேன்.

இந்த 'நைஸ்' பிறந்த இடம் லத்தீன். அங்கே 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மடையன், அசடு. எழுநூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் ஒருவரைப் பார்த்து நைஸ் என்று சொல்லியிருந்தால் கைகலப்புதான். அப்புறம் அந்தச் சொல் மெல்ல மெல்ல நடந்தது. அசடு என்பது கூச்சமுள்ளவன் ஆனது, எதிலும் குற்றம் குறை பார்க்கிறவன் ஆனது, பிறகு நுணுக்கம், நேர்த்தி என்று ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இனிமை, நல்லது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது என்னவென்றால், ஆங்கிலேயர் இன்று பேச்சில் அநேகமாகக் கைவிட்ட அந்த 'நுணுக்கம்' என்ற பொருள் நம் மாவு மில்லில் பத்திரமாக இருக்கிறது. இடியாப்ப மாவு நைஸாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னது, பழைய ஆங்கிலப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய பிரயோகம். கடன்காரன் நைஸாக நழுவியது மட்டும் நம்முடைய சொந்தச் சரக்கு என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராகப் போன சொல்லும் உண்டு. 'சில்லி' என்றால் இன்று அசட்டுத்தனம். பழைய ஆங்கிலத்தில் அதன் தாய்ச்சொல்லுக்குப் பொருள், பாக்கியம் பெற்றவன். அசடு நல்லவனாகிவிட்டான்; பாக்கியவான் அசடாகிவிட்டான்!

நம் ஊரில் அதிகம் புழங்கும் பாராட்டு 'சூப்பர்'. பரோட்டா சூப்பர், ஜிகர்தண்டா சூப்பர், மேடைப் பேச்சு சூப்பர். லத்தீனில் அது வெறுமனே 'மேலே' என்று இடத்தைச் சொல்லும் சொல். நம் ஆபீஸ் சூப்பரண்டும் ஹாஸ்டல் சூப்பரண்டும் அந்த 'மேலே'யிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அதே குடும்பத்தில் 'சூப்பர்ப்' என்று ஒருவர் இருக்கிறார். அவர் கதை வேறு. லத்தீனில் 'சுபெர்புஸ்' என்றால் திமிர் பிடித்தவன். ரோமாபுரியின் கடைசி அரசனுக்குப் பெயர் தார்க்வினியுஸ் சுபெர்புஸ். திமிர்பிடித்த தார்க்வின் என்று ஜனங்கள் வைத்த பெயர். கி.மு. 509இல் அவனை ஊரைவிட்டே விரட்டினார்கள் என்பது ரோமானிய வரலாற்று மரபு. விரட்டப்பட்டவனின் வசைப்பெயர் இன்று பாராட்டு. நமக்கு இது புரியாததா? "ஆளு கெத்துடா" என்கிறோமே, கெத்து என்றால் என்ன? அதுவும் திமிர்தானே.

பயத்தைப் பாராட்டாக்கியதும் அப்படித்தான். 'டெரிஃபிக்' என்ற சொல்லுக்குள் 'டெரர்' உட்கார்ந்திருக்கிறது. 1667இல் மில்டன் தன் காவியத்தில் ஒரு பாம்பின் பிடரியை அந்தச் சொல்லால் வர்ணித்தபோது, அதற்குப் பொருள் நடுங்க வைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்ற பொருள் வந்தது. இதைப் படித்துவிட்டு ஆங்கிலேயர் விநோதமானவர்கள் என்று சிரிக்க வேண்டாம். மட்டன் சுக்கா சாப்பிட்டுவிட்டு, "பயங்கரமா இருக்குப்பா" என்று சொல்லி இன்னொரு பிளேட் கேட்கிறவர்கள் நாம்.

'ஆஸம்' என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கும் சொல்கிறார்கள். அதன் வேர் வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் மொழியில் அச்சம் என்ற சொல். ஆனால் வெறும் அச்சமில்லை. அதை வகுப்பில் எப்படி விளக்குவது என்று நான் பல வருடம் தடுமாறியிருக்கிறேன். கடைசியில் கைகொடுத்தது அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதிக்குப் போயிருப்பீர்கள். சிலை இல்லை, சந்தனம் பூசி மாலை போட்ட மூடிய கதவுகள். அந்தக் கதவுக்கு முன்னால் வாயாடிப் பயல்கூடக் குரலைத் தாழ்த்துவான். அந்தப் பயபக்திதான் ஆஸம் என்றேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. இதே வேரிலிருந்து வந்த 'ஆஃபுல்' என்ற உடன்பிறப்பு, ஒரு காலத்தில் பக்தியோடு சொல்லப்பட்டு, இன்று 'படுமோசம்' என்ற பொருளில் கிடக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இப்படி ஒரு தலையெழுத்து.

'பிரில்லியண்ட்' என்ற சொல்லில் கொஞ்சம் நேரம் நிற்க விரும்புகிறேன், அதில் நம் மண்ணின் வாசனை அடிக்கிறது. பளிச்சென்று மின்னுவது என்ற பொருளில் இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்த இத்தாலியச் சொல் 'பெரில்' என்ற மணிக்கல்லின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். இது சந்தேகத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் பெரில் என்ற பெயர் கிரேக்கருக்கு இந்தியாவிலிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. பிராகிருதத்தில் 'வேருலிய', நம் வாயில் வைடூரியம். இன்று தெற்காவணி மூல வீதியில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லை எடுத்து வைப்பார்கள். பழைய பெரில் வேறு, கடல்நீர் நிறத்தில் இருக்கும். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் அது வெட்டி எடுக்கப்பட்டது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, பெரில் இந்தியாவில் விளைகிறது, வேறெங்கும் அபூர்வம் என்று எழுதினார். அதே மனிதர் பாண்டியனையும் அவனுடைய 'மோதுரா' என்ற ஊரையும் குறிப்பிடுகிறார். நம் மதுரைதான் அது. ஜெர்மானியர்கள் மூக்குக் கண்ணாடியை 'பிரில்லெ' என்பதும் இந்தக் கல்லின் பெயரை வைத்துத்தான். நான் இப்போது இந்தத் தாளைப் படிப்பதே பிரில்லெயின் புண்ணியத்தில்!

'ஸ்மார்ட்' என்பதற்குப் பழைய பொருள் வலி, எரிச்சல். தேள் கொட்டினால் ஸ்மார்ட். சுரீரென்று குத்துவது வேகமாகி, வேகம் புத்திசாலித்தனமாகி, பிறகு மிடுக்கும் ஆனது. மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். "முள்ளு சுறுக்குனு குத்துச்சு" என்போம், "சுறுக்கா வாப்பா" என்றும் சொல்வோம்.

'ஃபைன்' இன்னும் தமாஷ். நலம் விசாரித்தால் ஃபைன். ஹெல்மெட் போடாமல் கோரிப்பாளையத்தில் மாட்டினாலும் ஃபைன். இரண்டும் லத்தீனில் 'முடிவு' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். ஒன்று முழுமை பெற்றது, மற்றது பணம் கட்டி விவகாரத்தை முடிப்பது.

நம் மொழியில் இப்படி இல்லையா என்று கேட்பீர்கள். கச்சேரியில் தலையாட்டி "பிரமாதம்" என்கிறோம். சமஸ்கிருதத்தில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு, தவறு. பாடகருக்கு சமஸ்கிருதம் தெரிந்திருந்தால் சங்கடம்தான். அட்டகாசம் என்பது அங்கே உரத்த சிரிப்பு. சபாஷ் மட்டும் பிறந்ததிலிருந்தே நல்ல பிள்ளை, பாரசீகத்தில் 'ஷாத் பாஷ்', மகிழ்ச்சியாக இரு என்ற வாழ்த்து. இறங்கிப் போன சொல்லும் நம்மிடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று சங்கைக் கேட்டது அதன் நறுமணத்தை. இன்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போய் "மல்லிகை நல்லா நாறுதே" என்று சொல்லிப் பாருங்கள், பூக்காரம்மா சும்மா விடமாட்டார்.

அப்படி இறங்கிய ஒரு ஆங்கிலச் சொல்லோடு எனக்கு ஐம்பது வருடக் கணக்கு பாக்கி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், வைகையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது. வாத்தியார் சிவப்பு மையில் 'ஃபேர்' என்று மட்டும் எழுதித் திருப்பினார். சுமார், பரவாயில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன்: பழைய ஆங்கிலத்தில் ஃபேர் என்றால் அழகு.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று எடுத்துப் புரட்டினேன். நாலு இடத்தில் மை கொட்டியிருக்கிறது, வைகை என்பதையே இரண்டு விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறேன். வாத்தியார் எந்தப் பொருளில் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வணக்கம்.