டச்சுக்காரர் தலையில் விழுந்த பழி

வணக்கம் நேயர்களே. ஒரு கட்டிங் உள்ளே போனதும் மேனேஜரை நேருக்கு நேர் கேட்டுவிடக் கிளம்பும் ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வீரத்துக்கு ஆங்கிலத்தில் 'டச் கரேஜ்' என்று பெயர். டச்சுக்காரன் தைரியம். குடித்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பழி டச்சுக்காரர் மேல்தான்.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரர்களுக்குத் துணையாக 1585இல் எலிசபெத் ராணி படை அனுப்பினார். அங்கே போன ஆங்கிலச் சிப்பாய்கள் சண்டைக்கு முன் ஜெனிவர் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டார்களாம். ஜெனிவர் என்பது ஜூனிபர் காய் சேர்த்து வடிக்கும் சாராயம், ஜின்னுக்குப் பாட்டன். கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட நின்று சண்டை போட்டவர்களை நினைத்துச் சொன்ன சொல்லில் இவ்வளவு நக்கல் இருக்குமா?

எனக்கென்னவோ இது பகையில் பிறந்த சொல்லாகத்தான் படுகிறது. 1652க்கும் 1674க்கும் இடையில் இங்கிலாந்தும் ஹாலந்தும் மூன்று போர்கள் நடத்தின. பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். கடல் வணிகத்தில் ஆங்கிலேயருக்கு அவர்கள் பெரிய தலைவலி. 1665 போரைப் பாடிய எட்மண்ட் வாலர் என்ற கவிஞர், டச்சுக்காரர்கள் ஒயினையும் பிராந்தியையும் பறிகொடுத்தார்கள், அவர்களுடைய வீரம் விளைவதே அதில்தான் என்று எழுதினார். ஏச்சு அப்போதே தயார்.

சரி, அவ்வளவு மட்டமான வீரர்களா? 1667 ஜூனில் டி ரூய்ட்டர் தலைமையில் வந்த டச்சுக் கடற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்தது. நங்கூரமிட்டு நின்ற போர்க்கப்பல்களைக் கொளுத்திவிட்டு, 'ராயல் சார்லஸ்' என்ற பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பின்பக்கச் சிற்பப் பலகையை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. கேலி பேசிய நாட்டின் கடற்படையே மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து ஊற்றியது. அந்தப் படி 1970 ஜூலை 31 அன்றுதான் நின்றது.

அப்புறம், 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், டச்சு மொழி கற்ற ஜெர்மன் மாணவர்கள் 50 பேரில் சிலருக்குக் கொஞ்சம் மது, மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து டச்சில் பேசச் சொன்னார்கள். யார் எதைக் குடித்தார் என்று தெரியாமல் கேட்டவர்கள், மது குடித்தவர்களுக்கே, முக்கியமாக உச்சரிப்பில், கூடுதல் மார்க் போட்டார்கள். குடித்தவர்களோ தங்களுக்கு ஒரு மார்க்கும் கூட்டிப் போட்டுக்கொள்ளவில்லை.